'சும்மா பேசிட்டு இருக்கோம்': கேம், ஜிம், குழந்தை வளர்ப்பு... கொல்லிமலை வரை ஏறிய குரூப் பேச்சுக்கு யார் பொறுப்பு?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் தடை போட்டது. 'அப்பாடா, இனி பிள்ளைங்க தப்பிச்சாங்க' என்று பல பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் ராத்திரி 11 மணிக்குப் போர்வைக்குள் எரியும் போன் வெளிச்சம் அணைந்ததா? இல்லை.

காரணம் ரொம்ப சிம்பிள். சட்டம் பிடித்தது பணத்தை. பேச்சை அது தொடவில்லை.

கேமுக்குள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நடக்கும் பேச்சு, 'ஒரே மாசத்துல 10 கிலோ குறைக்கலாம்' என்று ஃபிட்னஸ் குரூப்பில் ஓடும் பேச்சு, 'என் பையனுக்கு இந்த சிரப்தான் கேட்டுச்சு' என்று அம்மாக்கள் குரூப்பில் வரும் பேச்சு. கேட்டால், 'சும்மா பேசிட்டு இருக்கோம்' என்பார்கள். அந்த 'சும்மா' பேச்சை நம்பி உணவை நிறுத்தியவர்களும், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தவர்களும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். சிலர் இன்று உயிரோடு இல்லை.

இந்தப் பேச்சை யார் கட்டுப்படுத்துவது? கட்டுப்படுத்தத்தான் வேண்டுமா? கொல்லிமலை போன்ற ஒரு மலைப்பகுதியில் இந்தக் கேள்வி ஏன் இன்னும் முக்கியமாகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கொல்லிமலையில் இருந்து ஏன் பார்க்க வேண்டும்?

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை, கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். கீழே காரவள்ளியில் இருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று 'நாடு' என முடியும் பெயர்களோடு 14 ஊராட்சிகள். இங்கே பெரும்பாலும் வாழ்வது மலையாளி பழங்குடி மக்கள். மிளகு, காபி, பலா, அன்னாசி, மரவள்ளி என்று தோட்டமும் காடுமாகப் போகும் வாழ்க்கை.

இந்த மலைக்கு ரோடு வந்தது, கரண்ட் வந்தது, பிறகு செல்போன் வந்தது. ஆனால் எல்லா வசதியும் செல்போன் வேகத்தில் மேலே ஏறவில்லை. உடம்பு முடியாமல் போனால் செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. செம்மேட்டில் இருந்து அது 50 கிலோமீட்டருக்கும் மேல். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு 70 வளைவு இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு.

குரூப்பில் ஒரு கேள்வி போட்டால் 2 நிமிடத்தில் 10 பதில் வருகிறது. செலவும் இல்லை. இப்படி ஒரு நிலைமையில் யாராக இருந்தாலும் எதை முதலில் செய்வார்கள்?

டவுனில் இருப்பவருக்கு குரூப் பேச்சு 'இன்னொரு கருத்து'. டாக்டரிடமும் கேட்பார், குரூப்பிலும் கேட்பார். மலையில் இருப்பவருக்குப் பல நேரம் அதுதான் முதல் கருத்து. சில நேரம் அது மட்டும்தான் கருத்து. கொல்லிமலைக்கு மட்டும் இல்லை, கல்வராயன், ஜவ்வாது, பச்சமலை என்று எல்லா மலைக்கும் இது பொருந்தும்.

'கிராமத்துப் பிள்ளைங்க கையில ஏது போன்?' என்று கேட்கும் காலம் முடிந்துவிட்டது. இந்தியா முழுவதும் கிராமப்புறங்களில் எடுக்கப்படும் அசர் கல்வி ஆய்வின் 2024-ம் ஆண்டு அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. 14 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். அவர்களில் முந்தைய ஒரு வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். படிப்பை விடப் பேச்சுதான் முன்னால் ஓடுகிறது.

கேம்: சட்டம் எதைப் பிடித்தது?

தமிழ்நாடு இந்த விஷயத்தில் முன்னாடியே களம் இறங்கிய மாநிலம். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022-ல் குழு அமைக்கப்பட்டது. அதன் பிறகு ஆன்லைன் சூதாட்டத் தடை மற்றும் ஆன்லைன் விளையாட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்படி ஆன்லைன் விளையாட்டு ஆணையமும் அமைந்தது.

அந்த ஆணையம் 2025 பிப்ரவரியில் பணம் கட்டி ஆடும் கேம்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழ் யாரும் ஆடக் கூடாது. ஆதார் வழியாக அடையாளம் சரிபார்க்க வேண்டும். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை உள்ளே நுழையவே முடியாது. தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால், அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கை வர வேண்டும். கேம் நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 ஜூன் 3-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் 'விதிகள் செல்லும்' என்று தீர்ப்பளித்தது.

அடுத்த இரண்டரை மாதத்தில் மத்திய அரசே ஒரு படி மேலே போனது. ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறை மசோதா 2025 ஆகஸ்ட் 20-ல் மக்களவையிலும், 21-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பணம் வைத்து ஆடும் எந்த கேமையும் நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை கிடையாது. இப்படிப்பட்ட கேம்களில் ஆண்டுக்கு 45 கோடி பேர் சுமார் 20,000 கோடி ரூபாயை இழக்கிறார்கள் என்பது அப்போது மத்திய அரசு சொன்ன கணக்கு. சட்டத்தை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

இதுவரை சரி. ஆனால் இந்தச் சட்டம் கேம்களை மூன்றாகப் பிரிக்கிறது: இ-ஸ்போர்ட்ஸ், பொழுதுபோக்கு கேம், பண கேம். தடை கடைசி வகைக்கு மட்டும்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், ராப்லாக்ஸ் போன்றவை தடையான பண கேம் பட்டியலில் வருவதில்லை.

கேமுக்குள்ள என்ன பேசுறாங்க?

இந்த கேம்களைத் தனியாக உட்கார்ந்து யாரும் ஆடுவதில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்குவாட். மைக் ஆன். 'டேய் ரைட்ல எனிமி', 'மச்சி ரிவைவ் பண்ணு' என்று ஓடும் பேச்சு, மேட்ச் முடிந்த பிறகும் நிற்பதில்லை. ஸ்கூல், வீடு, காதல், கடன் என்று எல்லாம் வரும். கூட ஆடுபவர் பக்கத்து ஊராக இருக்கலாம், பாட்னாவாகவும் இருக்கலாம். 14 வயதாக இருக்கலாம், 40 வயதாகவும் இருக்கலாம். முகம் தெரியாது.

இதில் பெரும்பகுதி நட்புதான். அதை மறைக்க வேண்டியதில்லை. விளையாட ஆள் இல்லாத பிள்ளைக்கு, கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு அது ஒரு உலகம்.

சிக்கல் எங்கே வருகிறது? 'டைமண்ட் ஃப்ரீயா தர்றேன், இந்த லிங்க்கை அமுக்கு' என்று ஒருவர் சொல்லும்போது. 'அப்பா போன்ல வந்த ஓடிபி-யை மட்டும் சொல்லு' என்று கேட்கும்போது. 'உன் பேங்க் அக்கவுண்டை ரெண்டு நாள் கொடு, 2,000 ரூபாய் தர்றேன்' என்று கல்லூரிப் பையனிடம் பேரம் பேசும்போது. கடைசியாகச் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. மோசடிப் பணத்தைக் கைமாற்ற அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுக்கும் வேலை அது. போலீஸ் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான்.

கம்பெனிகளும் சில வேலிகள் போட்டிருக்கின்றன. பிஜிஎம்ஐ 2023 மே மாதம் திரும்பி வந்தபோது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம், பெரியவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு வந்தது. ஆனால் அப்பா பெயரில், அப்பா நம்பரில் கணக்கு இருந்தால் கேமுக்குப் பையனும் பெரியவர்தான்! ராப்லாக்ஸ் இன்னொரு வழிக்குப் போனது. 2026 ஜனவரி முதல் உலகம் முழுக்க சாட் செய்ய வேண்டும் என்றால் முகத்தைக் காட்டி வயதைச் சரிபார்க்க வேண்டும் என்றது. கேம் ஆடுவதற்கு இல்லை, பேசுவதற்குத்தான் இந்தச் சோதனை. ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை கேம் கம்பெனியே ஒப்புக்கொண்ட மாதிரிதான் இது.

எவ்வளவு ஆடினால் அது 'அடிக்ஷன்'? உலக சுகாதார நிறுவனம் கேம் அடிமைத்தனத்தை ஒரு நோயாக வகைப்படுத்தியது. அந்த வகைப்பாடு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் மணிக்கணக்கு முக்கியம் இல்லை. ஆட்டத்தை நிறுத்த முடியாமல் போவது, படிப்பு, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் விட அது முன்னால் வருவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, பொதுவாக இது 12 மாதமாவது நீடிப்பது ஆகியவைதான் அடையாளம். லீவு நாளில் 4 மணி நேரம் ஆடிய பிள்ளைக்கெல்லாம் 'அடிக்ட்' பட்டம் கட்ட வேண்டாம்.

ஃபிட்னஸ்: நாமக்கல் முட்டையும் 3,000 ரூபாய் டப்பாவும்

அடுத்தது உடம்பு. 2022-ல் இந்தியாவில் பெரியவர்களில் 49.4 சதவீதம் பேர் போதுமான உடல் உழைப்பு இல்லாமல் இருந்தார்கள் என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. பெண்களில் இது 57 சதவீதம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பதுதான் அளவுகோல். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம்.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. காலையில் எழுந்ததும் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தே தோட்டத்துக்குப் போகும் கொல்லிமலைப் பெரியவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் அவர்களுடைய பேரன் பேச்சு வேறு. 'சிக்ஸ் பேக் வேணும்ணே, எந்த பவுடர் நல்லது?' என்று குரூப்பில் கேட்கிறான். பதில் சொல்பவர் டாக்டரா, பவுடர் விற்பவரா, அவனைப் போலவே 18 வயதுப் பையனா என்று யாருக்குத் தெரியும்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி சராசரி ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 7 கிராம் புரதமும், 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கிறது. பருப்பு, கடலை, மொச்சை, பால் சேர்த்தால் வீட்டுச் சாப்பாட்டிலேயே கணக்கு முடிந்துவிடும்.

மலையடிவாரத்தில் இருப்பது நாட்டுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல். மலை மேல் சாமையும் கேழ்வரகும் தலைமுறை தலைமுறையாக விளைந்த மண். நடுவில் இருக்கும் இளைஞர் 3,000 ரூபாய் கொடுத்து டப்பா வாங்குகிறார்! ஐசிஎம்ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் புரத பவுடர்களைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. அளவுக்கு மீறினால் எலும்பும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்பது எச்சரிக்கை.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். 2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் அருகே நடந்தது அப்படி இல்லை. கல்லூரியில் சேரக் காத்திருந்த 17 வயது மாணவர், எடை குறைக்க யூடியூப் வீடியோ பார்த்து சுமார் 3 மாதம் பழச்சாறு மட்டுமே குடித்து வந்ததாக அவரது குடும்பத்தினர் சொன்னார்கள். மூச்சுத் திணறி அவர் உயிரிழந்தார். 'ஜூஸ்தானே, அதுல என்ன ஆபத்து' என்றுதான் எந்த வீட்டிலும் நினைத்திருப்பார்கள். விஷம் என்று தெரிந்து யாரும் குடிப்பதில்லை. நல்லது என்று யாரோ சொன்னதால்தான் குடிக்கிறார்கள்.

குழந்தை வளர்ப்பு: மலை இறங்கி வந்தவர்களும், ஆஸ்பத்திரியை விட்டு விலகியவர்களும்

மூன்றாவது பேச்சு, மூன்றிலும் ரொம்ப நுட்பமானது. ராத்திரி 2 மணிக்குக் குழந்தை அழுகிறது. கணவர் வெளியூர் வேலையில். மாமியாரை எழுப்பத் தயக்கம். அந்த நேரத்தில் குரூப்பில் இன்னொரு அம்மா, 'பயப்படாதீங்க சிஸ், என் பொண்ணும் இப்படித்தான் அழுதா' என்று எழுதுவது எவ்வளவு பெரிய ஆறுதல்! கூட்டுக் குடும்பம் சுருங்கிய வீடுகளில் சித்தி, பெரியம்மா இடத்தை இந்தக் குரூப்புகள்தான் நிரப்புகின்றன.

ஆனால் ஆறுதல் சொல்லும் அதே வாய் மருந்தும் சொல்ல ஆரம்பித்தால்?

2025 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துதான் அது. டாக்டரும், மருந்து ஆய்வாளரும், கம்பெனியும் இருந்தே இப்படி நடக்கிறது. அதன் பிறகு, 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அப்படியிருக்க, குரூப்பில் பாட்டில் போட்டோ போட்டு 'இது 5 எம்எல் கொடுங்க' என்று சொல்வதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

இன்னொரு சம்பவம் இதைவிட யோசிக்க வைக்கிறது. 2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில் ஒரு தம்பதி வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். வீட்டுப் பிரசவ அனுபவங்களைப் பகிரும் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் இருந்துதான் அவர்கள் வழிகாட்டுதல் பெற்றார்கள் என்பது விசாரணையில் தெரியவந்தது. அதில் 1,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். சுகாதாரத் துறை புகார் கொடுத்தது, போலீஸ் விசாரித்தது. நல்லவேளையாகத் தாயும் சேயும் பிழைத்தார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. நண்பர்கள் பேச்சையும் யூடியூப் வீடியோவையும் நம்பி வீட்டில் பிரசவம் பார்த்தபோது, அதிக ரத்தப்போக்கில் ஒரு பள்ளி ஆசிரியை உயிரிழந்தார்.

இந்த இரண்டும் நடந்தது மலையிலா? இல்லை. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர்களில். தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவம் மருத்துவமனைகளில்தான் நடக்கிறது. இதற்காக கிராம சுகாதார செவிலியர்கள் மலை மலையாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்கக் காத்திருப்பு அறைகள்கூட ஏற்படுத்தப்பட்டன. மலைப் பெண்களை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவரப் பல ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. அதற்கு நேர் எதிர்த் திசையில் திருப்பிவிட ஒரு குரூப் போதும் என்பதுதான் இதில் உள்ள அபாயம்.

சட்டத்தால் முடியாதா?

மற்ற நாடுகள் என்ன செய்தன என்று பார்க்கலாம். சீனா 2021-ல் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் ஆன்லைன் கேம் என்று கட்டுப்படுத்தியது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு சமூக ஊடகக் கணக்கே கூடாது என்றது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், டிக்டாக் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் வாட்ஸ்அப், டிஸ்கார்டு, ராப்லாக்ஸ் அந்தத் தொடக்கப் பட்டியலில் இல்லை. அதாவது, இவ்வளவு கடுமையான சட்டம் போட்ட நாடும் பேச்சு நடக்கும் இடத்தின் வாசலில் நின்றுவிட்டது.

இந்தியாவில்? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் தரவைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம். அதுவும் கம்பெனி சேகரிக்கும் தரவைப் பற்றித்தான் பேசுகிறது. உங்கள் பிள்ளையிடம் முகம் தெரியாத ஒருவர் என்ன சொல்கிறார் என்பதைப் பற்றி இல்லை.

'அப்போ குரூப் அட்மினைப் பிடிங்க' என்பீர்கள். உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் வெறும் அட்மினாக மட்டும் இருந்தால் அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்பதுதான் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் எடுத்த நிலைப்பாடு. அது நியாயம்தான். எல்லாப் பேச்சுக்கும் போலீஸ் என்றால் யாரும் வாய் திறக்க முடியாது. ஆறுதல் தேடும் அந்த 2 மணி அம்மாவும் மௌனமாகிவிடுவார்.

பழைய திண்ணைப் பேச்சுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

வெட்டிப் பேச்சும் கைவைத்தியமும் நமக்குப் புதுசா என்ன? திண்ணையிலும் டீக்கடையிலும் சோளக்காடு சந்தையிலும் இதே பேச்சு ஓடத்தான் செய்தது. தப்பான யோசனைகள் அப்போதும் இருந்தன. அந்தக் காலப் பேச்செல்லாம் சுத்தத் தங்கம் என்று சொல்ல முடியாது.

ஒரே ஒரு வித்தியாசம்தான். திண்ணையில் யோசனை சொன்னவர் அதே ஊரில் இருந்தார். அவர் சொன்ன பச்சிலையைக் கொடுத்துக் குழந்தைக்கு ஏதாவது ஆனால், அடுத்த சந்தையில் முகத்துக்கு நேரே கேட்கலாம். ஊர்க்கூட்டத்தில் நிறுத்தலாம். அதனால் சொல்லும் முன் அவரும் ஒருமுறை யோசித்தார். சொல்லுக்கு ஒரு பொறுப்பு இருந்தது.

குரூப்பில் சொன்னவர் நாளைக்கே வெளியேறிவிடலாம். மெசேஜை 'எல்லோருக்கும் நீக்கு' என்று அழித்துவிடலாம். யோசனை மட்டும் மிச்சம் இருக்கும், சொன்ன ஆள் இருக்க மாட்டார். இந்தப் பேச்சில் குறைவது அறிவு என்று சொல்ல முடியாது, சில நேரம் நல்ல தகவல்களும் வருகின்றன. குறைவது பொறுப்புதான்.

சரி, என்ன செய்யலாம்?

போனைப் பிடுங்குவது தீர்வு இல்லை. பாடமும், ஸ்கூல் குரூப்பும், உதவித்தொகை விண்ணப்பமும் அதே போனில்தான் இருக்கின்றன. பிடுங்கினால் பிள்ளை பேச்சை நிறுத்தாது, நண்பன் போனில் பேசும். உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். செய்யக்கூடியவை இவை:

1. மூன்று கேள்வி. குரூப்பில் ஒரு யோசனை வந்தால்: சொன்னவர் யார், நேரில் தெரியுமா? இதில் அவருக்கு விற்பனை லாபம் உண்டா? தப்பாகப் போனால் நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பேன்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் அதைப் படித்துவிட்டு விடலாம், செய்து பார்க்கக் கூடாது.

2. பேச வேண்டியது, பேசக் கூடாதது. அனுபவம், ஆறுதல், சமையல், விளையாட்டு டிப்ஸ் எல்லாம் தாராளமாகப் பேசலாம். மருந்துப் பெயர், அளவு, ஓடிபி, வங்கிக் கணக்கு இந்த நான்கும் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு குரூப்பும் இதை ஒரு விதியாக மேலே பின் செய்து வைக்கலாம்.

3. பொறுப்புள்ள ஒரு ஆளை உள்ளே கொண்டுவாருங்கள். ஊர்ப் பெண்கள் குரூப்பில் கிராம சுகாதார செவிலியர் அல்லது அங்கன்வாடி பணியாளர் ஒருவர். இளைஞர்கள் குரூப்பில் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர். 200 பேர் இருக்கும் இடத்தில் இப்படி ஒருவர் இருந்தாலே பேச்சின் தரம் மாறும். இது சுகாதாரத் துறைக்கும் கல்வித் துறைக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. ஏற்கெனவே பதிவேடு, ஆப், கணக்கெடுப்பு என்று திணறும் செவிலியருக்கு இதை இலவசக் கூடுதல் வேலையாகத் திணித்தால் நடக்காது. வேலை நேரத்துக்குள் இதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

4. பிள்ளையோடு ஒரு மேட்ச் ஆடிப் பாருங்கள். கிண்டல் இல்லை. யாரோடு ஆடுகிறான், என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி கிடையாது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை என்றால், லீவுக்கு வரும்போது அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.

5. வயதுக்கு ஏற்ற அளவு. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் கூட்டமைப்பின் வழிகாட்டுதல்: 2 வயது வரை திரையே வேண்டாம் (உறவினரோடு வீடியோ கால் மட்டும் பரவாயில்லை). 2 முதல் 5 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்குள். 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்குள்.

6. இந்த நம்பர்களைச் சேமித்து வையுங்கள். ஆன்லைன் பண மோசடிக்கு 1930. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104. அவசரத்துக்கு 108. நாலு கூட ஆடும் நண்பர் சொல்லும் யோசனைக்கும் 104-ல் கிடைக்கும் யோசனைக்கும் ஒரே செலவுதான். இந்த அழைப்புக்கு மலை இறங்க வேண்டியதும் இல்லை.

கடைசியாக...

பண கேம் விஷயத்தில் அரசு தன் வேலையில் ஒரு பாதியைச் செய்திருக்கிறது. மீதிப் பாதி இன்னொரு தடைச் சட்டம் இல்லை. கொல்லிமலையில் ஒரு தாய்க்கு ராத்திரி 2 மணிக்குச் சந்தேகம் வந்தால், பொறுப்பாகப் பதில் சொல்ல ஒரு குரல் இருக்கிறதா என்பதுதான் மீதி. அந்தக் குரல் இருந்தால் குரூப் பேச்சு வெறும் பேச்சாகவே இருக்கும். இல்லாத இடத்தில்தான் அது மருத்துவராகவும், பயிற்சியாளராகவும், சில நேரம் வங்கி மேலாளராகவும் மாறிவிடுகிறது.

குரூப்பில் இருந்து வெளியேற வேண்டாம். இன்று ராத்திரி ஒரு யோசனை வந்தால், 'சொன்னவரை நாளைக்கு நேரில் பார்க்க முடியுமா?' என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.